சிங்கப் பாட்டுத் தந்த சாலமன் லிண்டா

ஆண்டு விழா மலரில் பெரியோர் ஒருவரது வாழ்க்கை வரலாற்றை எழுதுவது மரபு. புலவர், தேசத் தொண்டர், சங்கீத வித்துவான் என்னும் வரிசையில் இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டவர் தமிழரல்லர், இந்தியருமல்லர். இசை உலகம் நன்கறிந்த பெயரே எனினும் நம் காலனியில் அதனைக் கேட்டவர் சிலராகவே இருப்பர். ஆனால் அவர் தந்த மெட்டு நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. டிஸ்னி கம்பெனியார் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி லயன் கிங்' என்னும் சித்திரப் படத்தில் கீரி போன்ற ஒரு பிராணியும் காட்டுப் பன்றியும் காட்டுவழியே பாடிக்கொண்டு வரும் பாட்டைக் கேளாத குழந்தை இங்கே இல்லை. மேனாட்டுச் சங்கீதத்தில் பழக்கமுள்ள முதியவர்களோ 1961ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவை ஆட்டிப் படைத்த பாட்டு அது என்று சொல்வர். காட்டிலே சிங்கம் உறங்குகிறது என்பது அதன் பொருள். அதனைப் பாடிய 'டோக்கன்ஸ்' குழுவினர் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த வெள்ளை இளைஞர். பாட்டின் பிறப்பிடமோ தென்னாப்பிரிக்கா. பிறந்த ஆண்டு 1939. பெற்றவர் சாலமன் லிண்டா என்னும் ஜூலுத் தொழிலாளி.

லிண்டா 1909ஆம் ஆண்டு நேட்டால் மாகாணத்தில் பொமராய் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். நேட்டால் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவரைக் கொண்டுபோய் இறக்கியது அம்மாகாணத்து டர்பன் துறைமுகத்தில்தான். 1893ஆம் ஆண்டு காந்தியடிகள் வழக்கு நிமித்தம் போய் இறங்கியதும் அங்கேயே. நம்மவர் குடியேறியது கடலோரம்; லிண்டாவின் ஊர் உள்நாட்டில், மழை குறைந்த மேட்டு நிலத்தில் உள்ளது. மாடு மேய்த்தலே அங்கே சிறுவர்களின் தொழில். மாட்டு மந்தையை நோட்டமிட்டு வரும் சிங்கத்தை ஆரவாரம் செய்து துரத்திய இளமை அனுபவமே பின்னாளில் பாட்டாக வந்தது என்பர்.

அவ்வூரில் பாதிரிமார் நடத்திய பள்ளி ஒன்று இருந்தது. கோர்டன் நினைவுப் பள்ளி என்பது அதன் பெயர். லிண்டா அங்கே சிறிது காலம் பயின்றார். கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பல குரல்களாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாடும் முறை அப்பள்ளியில் அவருக்குக் கிட்டியது. ஜூலு மக்களின் திருமணப் பாட்டு ஒருபுறம். பள்ளியின் கீர்த்தனை ஒருபுறம். இவை போதாவென்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் தாளமும் அந்நாட்டில் முன்னரே பரவியிருந்தது. ஆர்ஃபியஸ் மக்காடூ என்பவரின் பாடகர் குழு 1890ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்து தென்னாப்பிரிக்கா முழுவதும் கச்சேரி செய்ததன் விளைவு அது. இம்மூன்றும் கலந்த சூழலில் வளர்ந்த பிள்ளை என்பதை மனத்தில் கொண்டால்தான் அவர் பாட்டின் அருமை விளங்கும். படிப்பறியாத மேய்ப்பன் ஒருவன் வாயில் தானாக ஊறிய காட்டுப் பாட்டு என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று.

1931ஆம் ஆண்டு லிண்டா பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் சென்றார். அவர் ஒருவர் மட்டுமா சென்றார்? கறுப்பின மக்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட சிறு பகுதிக்கு வெளியே நிலம் வாங்கலாகாது என்று 1913ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்திருந்தது. குடிசைக்கு வரி, வரிக்குப் பணம், பணத்திற்கு நகரம் என்ற நிலையில் ஆயிரக்கணக்கான ஆடவர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பொற்சுரங்க நகருக்கு ரயிலேறினர். நகரில் அவர்களுக்குக் கிடைத்தது தனி ஆடவர் தங்கும் விடுதி. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் சிறை சென்று மீண்டு 1914ஆம் ஆண்டு உயிர் நீத்ததும் அதே ஜோகன்னஸ்பர்க் நகரில்தான். நம்மவர் அந்நகரில் பதிவுச் சீட்டுகளை எதிர்த்துப் போராடிய கதையைப் படித்தவர்களுக்கு லிண்டாவின் நகர வாழ்வு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

லிண்டா முதலில் ஒரு மரச்சாமான் கடையில் வேலை பார்த்தார். அவருடைய தாய்மாமன்மார் நடத்திய 'ஈவினிங் பேர்ட்ஸ்', அதாவது மாலைப் பறவைகள் என்னும் பாடகர் குழுவில் சேர்ந்தார். 1933ஆம் ஆண்டு அக்குழு கலைந்தது. பின்னர் கார்ல்டன் ஹோட்டலில் வேலைக்கு அமர்ந்த லிண்டா, அதே பெயரில் தாமே ஒரு குழுவைத் தொடங்கினார். உடன் பாடியவர் அனைவரும் பொமராய்ப் பக்கத்து நண்பர்களே. பிழைக்க வந்த ஊரில் சொந்த ஊர்க்காரனைத் தேடிப் பிடித்து அவனோடு கூடிப் பாடுவதில் என்ன சுகம் உண்டு என்பதை மார்கழி பஜனைக்கு முழங்கால் வலியோடும் வந்து நிற்கும் நம் காலனிப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அக்காலத்தில் சனிக்கிழமை இரவுதோறும் விடுதிகளில் பாட்டுப் போட்டி நடக்கும். இரவில் தொடங்கினால் பொழுது விடியும்வரை ஓயாது. வாத்தியம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, மனிதக் குரல் ஒன்றே துணை. எக்குழுவோடும் ஒட்டும் உறவும் இல்லாத அயலான் ஒருவனை, பெரும்பாலும் தெருவில் போகும் வெள்ளைக்காரனை, அழைத்து வந்து நடுவராக உட்கார வைப்பார்கள். மொழி தெரியாதவனாயின் ஓரவஞ்சனை செய்ய மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. (நம் சங்கப் போட்டிகளுக்கும் இம்முறையைப் பரிசீலிக்கலாம்.) இத்தகைய பாட்டுக்கு ஜூலு மொழியில் 'இஸிகத்தாமியா' என்று பெயர். ஓசைப்படாமல் அடியெடுத்து வைத்தல் என்னும் பொருளில் வந்த சொல் அது.

இப்போட்டிகளில் லிண்டாவின் குழு தனித்துத் தெரிந்தது. அறுவரும் ஒரே மாதிரியான கோடிட்ட சூட்டு, வட்டத் தொப்பி, இருநிறப் பூட்ஸ் அணிந்து வரிசையாக வந்து நிற்பர். உடையைக் காட்டிலும் பெரிய புதுமை பாட்டில் இருந்தது. ஒரு குரலுக்கு ஓர் ஆள் என்றிருந்த வழக்கத்தை லிண்டா மாற்றினார். அடிக்குரலுக்கு மட்டும் மூவரை நிறுத்தினார். அவர்கள் தரைக்கடியிலிருந்து வருவது போன்ற கனத்த நாதத்தை விடாமல் எழுப்பிக்கொண்டிருக்க, லிண்டா தம் ஆண் குரலைப் பெண்குரல்போல் மெலிதாக்கி அதற்கு மேலே பறக்க விடுவார். நல்ல உயரமுள்ள ஆசாமி அவர். அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வருவதைக் கண்டவர் வியந்தனர்.

எரிக் காலோ என்னும் இத்தாலிய வமிசத்தவர் ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி நடத்திவந்தார். அக்கம்பெனிக்காகப் பாடகர்களைத் தேடித் தருபவர் கிரிஃபித் மோட்சியெலோவா என்னும் கறுப்பினக் கலைஞர். லிண்டாவின் குழுவை ஒலிப்பதிவு நிலையத்திற்குக் கொண்டுவந்தவர் அவரே. 1939ஆம் ஆண்டு அவர்கள் பாடிப் பதிந்த பாட்டுகளுள் ஒன்று 'ம்பூபே'. சிங்கம் என்பது அதன் பொருள்.

அப்பாட்டில் வார்த்தை மிகக் குறைவு. நீ ஒரு சிங்கம் என்று அடிக்குரல்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். மேலே லிண்டாவின் குரல் நினைத்தபடி அலையும். இரண்டு முறை பதிவு செய்தும் திருப்தி ஏற்படவில்லை. மூன்றாம் முறை பாடும்போது, பாட்டு முடிய இன்னும் சில விநாடிகளே எஞ்சியிருந்த நேரத்தில், லிண்டா முன்னே யோசித்து வைக்காத ஒரு சிறு இசைத்தொடரை வாய்விட்டார். பதினைந்து சுரங்கள் அளவே உள்ள தொடர். மனோதர்மம் என்று நம் வித்துவான்கள் எதைச் சொல்கிறார்களோ அதுவே இது. கற்பனை சுரம் பாடுகையில் கடைசி ஆவர்த்தனத்தில் எங்கிருந்தோ ஒன்று வந்து விழுமே, அவ்வாறு வந்து விழுந்தது. பின்னாளில் உலகமே முணுமுணுத்த மெட்டு அந்தச் சில விநாடிகளேயன்றி வேறில்லை.

தட்டு வெளிவந்து அமோகமாக விற்றது. பத்தாண்டுகளுக்குள் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 1,00,000 பிரதிகள் விற்றன என்று கணக்கிட்டுள்ளனர். அப்பாணியில் பாடும் பாட்டு வகைக்கே 'ம்பூபே' என்று பெயர் ஏற்பட்டது. பாட்டின் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததற்காக லிண்டா பெற்ற தொகை 10 ஷில்லிங். கணக்குப் புத்தகத்தோடு காலந்தள்ளும் நமக்கு உடனே கை துறுதுறுத்தது. 1 ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற அந்நாளைய மாற்று விகிதப்படி போட்டுப் பார்த்தோம்: 6 ரூபாய், 10 அணா, 8 பைசா. இதன்றி அதே கம்பெனியின் ரூடபூர்ட் தொழிற்சாலையில் தட்டுகளைக் கட்டி அடுக்கும் வேலையும் லிண்டா பார்த்து வந்தார். தம் குரலைத் தாமே கட்டி ரயிலுக்கு அனுப்பிய நாட்களும் இருந்திருக்கக்கூடும். குழு 1948ஆம் ஆண்டு கலைந்தது. லிண்டா தம் மக்களிடையே புகழுடனும் மிகச் சிறிய சம்பளத்துடனும் வாழ்ந்தார்.

நிற்க. தட்டு கடல் கடந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நாட்டுப் பாடல்களைத் திரட்டுவதில் பேர்பெற்ற ஆலன் லோமாக்ஸ் என்னும் அமெரிக்கர் கையில் ஆப்பிரிக்க இசைத்தட்டுகள் சில வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் நண்பர் பீட் ஸீகரிடம் கொடுத்தார். ஸீகர் பாஞ்சோ வாத்தியக்காரர், பொதுவுடைமைப் பற்றுள்ளவர், 'வீவர்ஸ்' என்னும் புகழ்பெற்ற குழுவில் ஒருவர். 'ம்பூபே' தட்டைக் கேட்ட மாத்திரத்தில் அவர் அதற்கு அடிமையாகிவிட்டார். காதால் கேட்டே சுரமும் சொல்லும் எழுதிக்கொண்டார். நீ சிங்கம் என்று பொருள்படும் ஜூலுச் சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அதுவே பாட்டின் பெயராகிவிட்டது. எம்மொழியிலும் பொருளற்ற அச்சொல்லை 1952ஆம் ஆண்டு வீவர்ஸ் குழுவினர் பெரிய வாத்தியக் கோஷ்டியுடன் பாடித் தட்டாக வெளியிட, அது அமெரிக்காவில் முதல் இருபது பாட்டுகளுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டில் அக்குழுவினர் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ் சாட்டப்பட்டுக் கச்சேரி வாய்ப்பை இழந்தமையால் பாட்டும் சிறிது காலம் ஒடுங்கியது.

பதிவுப் புத்தகத்தில் அப்பாட்டை ஆக்கியவர் பெயர் பால் காம்ப்பெல் என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒரு மனிதர் கிடையாது! பழைய நாட்டுப் பாடல்களுக்கு உரிமைப் பணம் பெறும் பொருட்டு வீவர்ஸ் குழுவினர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. யாரும் உரிமை கொண்டாடாத பழம்பாட்டு என்றே 'ம்பூபே' கருதப்பட்டது. தட்டின் மீதே பாடகர் பெயர் அச்சிட்டிருந்தும் இவ்வாறு கருதினார்கள். காலோ கம்பெனியார் தலையிட்டு, இது எங்கள் தட்டு என்று எழுதினர். முடிவில், சில ஆப்பிரிக்க நாடுகளில் 'விமோவே'யை விற்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டு அமெரிக்க உரிமையை விட்டுக் கொடுத்து ராஜி செய்துகொண்டனர். இரு கம்பெனிகளுக்கும் லாபமான ஏற்பாடு. பாடினவரைப் பற்றி இதில் பேச்சில்லை.

ஸீகரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாட்டுக்கு உரியவர் உயிருடன் இருக்கிறார் என்று அறிந்ததும் தம் பங்கை அவருக்கே அனுப்புமாறு பதிப்பாளரிடம் கூறினார். 1,000 டாலர் காசோலை ஒன்றும் போயிற்று. அதன்பின் தொகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதாக அவர் பல்லாண்டுகள் நம்பியிருந்தார். போகவில்லை. நல்லெண்ணம் உடையவரே, ஆனால் பணம் போய்ச் சேர்ந்ததா என்று ரசீதைக் கேட்டுப் பார்க்கவில்லை. எம் போன்ற குமாஸ்தாக்கள் ரசீது ரசீதென்று உயிரை வாங்குவதாகச் சலித்துக்கொள்ளும் அன்பர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

1961ஆம் ஆண்டு டோக்கன்ஸ் குழுவினர் ஆர்.சி.ஏ. கம்பெனியாரிடம் குரற்சோதனைக்குச் சென்றபோது 'விமோவே'யைப் பாடிக் காட்டினர். ஹ்யூகோ பெரட்டி, லூஜி கிரியேட்டோரி என்னும் இரு தயாரிப்பாளர்களும் ஜார்ஜ் டேவிட் வைஸ் என்னும் பாட்டாசிரியரும் அதைப் புதுப்பித்தனர். வைஸ் செய்த வேலை கெட்டிக்காரத்தனமானது. லிண்டா கடைசி விநாடிகளில் வாய்விட்ட அந்தச் சிறு தொடரைப் பிரித்தெடுத்து, அதையே பாட்டின் முதன்மையான மெட்டாக்கி, ஆங்கிலச் சொற்களை அதில் பொருத்தினார். துரத்தப்பட வேண்டிய சிங்கம் உறங்கும் சிங்கமாயிற்று. மந்தையைக் காக்கும் ஆரவாரம் தாலாட்டாயிற்று. இதே மூவர் அதே 1961ஆம் ஆண்டில் எல்விஸ் பிரெஸ்லி பாடிய புகழ்பெற்ற காதற் பாட்டு ஒன்றையும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெட்டைத் தழுவி ஆக்கினர். அந்த மெட்டுக்கு உரியவர் இறந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது, கேட்பாரில்லை. லிண்டாவோ உயிரோடிருந்தார்.

டோக்கன்ஸ் தட்டில் இப்பாட்டு பின்பக்கத்தில்தான் இடம் பெற்றது. பாடிய இளைஞர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டதன் பயனாக அது 1961 டிசம்பரில் அமெரிக்காவின் முதலிடத்தை எட்டி மூன்று வாரம் அங்கேயே நின்றது. 1962ஆம் ஆண்டு 'விமோவே'யைப் பிரிட்டனில் கார்ல் டென்வர் பாடினார். 1982ஆம் ஆண்டு 'டைட் ஃபிட்' குழுவினர் பாடிய சிங்கப் பாட்டு அங்கே முதலிடம் பெற்றது. லிண்டாவின் நாட்டவராகிய மிரியம் மகேபா 1960ஆம் ஆண்டு தம் முதல் அமெரிக்க இசைத்தட்டில் மூலப்பாட்டையே 'ம்பூபே' என்னும் சொந்தப் பெயரில் பாடினார் என்பதையும் குறிக்க வேண்டும்.

இவ்வளவும் நடக்கையில் லிண்டா எங்கிருந்தார்? ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த ஸோவெட்டோவில், சாணம் மெழுகிய மண்தரை வீட்டில் மனைவி மக்களோடு வாழ்ந்து வந்தார். 1959ஆம் ஆண்டு மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்தன. மூன்றாண்டு நோயில் கிடந்து 1962ஆம் ஆண்டு காலமானார். வயது ஐம்பத்து மூன்று இருக்கலாம். டோக்கன்ஸ் பாட்டு முதலிடம் பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது 25 டாலருக்கும் குறைவு என்பர். கல்லறைக்கு ஒரு கல் நட அவர் மனைவியாரால் இயலவில்லை. பதினெட்டு ஆண்டுகள் சென்ற பிறகே கல் வைக்கப்பட்டது.

உரிமைப் பணம் என்று விதவையார் கைக்கு எப்போதாவது வந்தவை சில்லறைத் தொகைகளே. அவரும் பின்னர் பெண்மக்களும் வந்த காகிதங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்தனர். 1994ஆம் ஆண்டு டிஸ்னி படம் வந்து, பாட்டு மறுபடி உலகைச் சுற்றியது. அப்போதும் நிலை மாறவில்லை.

2000ஆம் ஆண்டு ரையன் மாலன் என்னும் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் இக்கதையை விரிவாக எழுதினார். யார் யாருக்கு என்ன போயிற்று என்று கணக்குக்கு மேல் கணக்காகத் தோண்டியெடுத்த கட்டுரை அது. பாட்டு ஈட்டிய பணம் 15,000,000 டாலர் அளவில் இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். நாடெங்கும் பேச்செழுந்தது. ஓவன் டீன் என்னும் வழக்கறிஞர் பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டி ஒரு விதியைக் கண்டெடுத்தார். 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓர் ஆசிரியர் தம் உரிமையை எவருக்கு விற்றிருந்தாலும் அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனபின் அவ்வுரிமை வாரிசுகளையே வந்தடையும். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் பெயரால் இவ்விதியை வழங்குவர். நம் நாட்டிலும் 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இது அமுலில் இருந்து, 1958 ஜனவரியில் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மறைந்தது. தென்னாப்பிரிக்காவும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் 1939ஆம் ஆண்டுப் பாட்டுக்கு அவ்விதி செல்லும். லிண்டா இறந்தது 1962. ஆகவே 1987 முதல் பழைய பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளில் அப்பாட்டு அவர் மக்களுடையது! எந்த ஏகாதிபத்தியம் லிண்டாவின் ஊரார் நிலத்தைப் பறித்ததோ அதன் சட்டமே அவர் பாட்டை மீட்டுத் தர முன்வந்தது விந்தையே.

2004ஆம் ஆண்டு டிஸ்னி கம்பெனியார் மீது வழக்குத் தொடரப்பட்டது. தென்னாப்பிரிக்க அரசும், பழைய காலோ கம்பெனியும்கூட, குடும்பத்திற்கு ஆதரவாக நின்றன. டிஸ்னியார் அயல்நாட்டுக் கம்பெனி ஆதலால் வழக்கு அங்கே நிலைக்க வேண்டுமாயின் அவர்கள் சொத்து ஏதாவது உள்நாட்டில் கைப்பற்றப்பட வேண்டும். வழக்கறிஞர் அவர்களுடைய வணிகச் சின்னங்களை நீதிமன்ற ஆணை பெற்று ஜப்தி செய்தார். மிக்கி மவுஸும் டொனால்ட் டக்கும் ஸோவெட்டோப் பெண்கள் சிலரின் பாக்கிக்காகப் பிடிபட்ட காட்சியை நினைத்து உலகம் சிரித்தது. 2006 பிப்ரவரியில், பாட்டின் உரிமையைக் கொண்டிருந்த அபிலீன் மியூசிக் கம்பெனியார் ராஜிக்கு வந்தனர். 1987 முதல் சேர வேண்டிய பங்கும் வருங்காலப் பங்கும் குடும்பத்துக்கு என்றும், பாட்டை ஆக்கியவர்களுள் ஒருவராகச் சாலமன் லிண்டாவின் பெயர் சேரும் என்றும் முடிவாயிற்று. தொகை வெளியிடப்படவில்லை.

அவர் பெண்மக்களுள் ஒருவர் எய்ட்ஸ் நோய்க்கு மருந்து வாங்கப் பணமின்றி 2001ஆம் ஆண்டே இறந்துவிட்டிருந்தார். எஞ்சிய பெண்களுக்கும் ராஜிக்குப்பின் கைக்கு வந்தது எதிர்பார்த்த அளவில் இல்லை என்னும் மனக்குறை 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஆவணப் படம் ஒன்றில் பதிவாகியுள்ளது.

1939ஆம் ஆண்டின் அந்தத் தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பிள்ளைகளிடம் சொன்னால் கைபேசியில் எடுத்துத் தருவார்கள். மூன்று நிமிடங்கூட ஆகாது. தேய்ந்த தட்டின் இரைச்சல் முதலில் காதை உறுத்தும். அதனைப் பொறுத்துக்கொண்டு அடிக்குரல் மூன்றையும் பிடித்துக்கொள்ளவும். முடியும் தறுவாயில் லிண்டாவின் குரல் மெல்ல இறங்கி அந்தத் தொடரைப் பாடும். ஒரே முறைதான் வரும். ஆகவே அதுவரை பேச்சுக் கொடுக்காமல் இருக்க வேண்டும்.